நெல் வயலில் அங்கக உரங்களும் தழைச்சத்தின் பயன்திறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழு உரம், பசுந்தாள் உரம் (வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழப்படும் பச்சைப் பயிர்), கோழி எரு, அசோலா (நீரில் மிதக்கும் சிறு பெரணி), வைக்கோல் ஆகியவற்றை நெல்லுக்கு இடுவோர் முதலில் கேட்பது அளவைப் பற்றியே: எக்டருக்கு எத்தனை டன் இட வேண்டும்? அதற்கான விடையும் கீழே உண்டு. ஆயினும், இட்ட எருவிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) எந்த வாரத்தில் வெளிவருகிறது, அந்த வாரத்தில் பயிர் அதை ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்பவையே பலனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே இங்குள்ள விடைகளில் பல நாள்கணக்கையே சுற்றிவரும். அளவுகள் அனைத்தும் எக்டருக்கு உரியவை. ஓர் எக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.

தழைச்சத்தின் பயன்திறன் என்றால் என்ன? அதை வயலில் எப்படி அறிவது?

இட்ட தழைச்சத்தில் எவ்வளவு பயிருக்குள் சென்றது என்பது ஒரு கணக்கு. இட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை கிலோ நெல் கூடுதலாகக் கிடைத்தது என்பது மற்றொரு கணக்கு. முதலாவதற்குப் பயிர்ப் பகுப்பாய்வு தேவை. இரண்டாவதை எவரும் செய்யலாம். வயலின் ஒரு மூலையில் சிறு பாத்தி ஒன்றை வரப்புக் கட்டிப் பிரித்து, அதற்குத் தழைச்சத்து தரும் எருவோ உரமோ எதுவும் இடாமல், மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) மட்டும் மற்ற வயலைப் போலவே இட்டு வளர்க்க வேண்டும். அறுவடையில் அப்பாத்தி எக்டருக்கு 3,000 கிலோ என்ற விகிதத்திலும், 100 கிலோ தழைச்சத்து பெற்ற மற்ற பகுதி 5,000 கிலோ என்ற விகிதத்திலும் விளைந்தால், ஒரு கிலோ தழைச்சத்துக்கு 20 கிலோ நெல் கிடைத்திருக்கிறது. இந்த எண் 10-க்குக் கீழே நின்றால் இட்டதில் பெரும்பகுதி பயிருக்கு உதவவில்லை என்றும், 20-க்கு மேல் சென்றால் நிர்வாகம் நன்றாக இருக்கிறது என்றும் கொள்ளலாம்.

இப்பாத்தியால் இன்னொரு நன்மையும் உண்டு. தழைச்சத்தே இடாத நிலையில் மண் தானாக எவ்வளவு தருகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. நெற்பயிர் எடுக்கும் தழைச்சத்தில் பாதியோ அதற்கு மேலோ பெரும்பாலான தாழ்நில வயல்களில் மண்ணிலிருந்தே வருகிறது. அதைக் கணக்கில் கொள்ளாமல் இடப்படும் எந்தப் பரிந்துரை அளவும் ஊகமே.

நீர் நிற்கும் வயலில் தழைச்சத்து எப்படி இழக்கப்படுகிறது?

மூன்று வழிகள் உள்ளன. அவற்றுள் முதலிரண்டும் நெல்லுக்கே உரிய தன்மையால் மிகுதியாகின்றன.

முதல் வழி ஆவியாதல். வயல் நீரில் கரைந்திருக்கும் அமோனியம் (பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து வடிவம்), நீரின் காரத்தன்மை உயரும்போது அமோனியா வாயுவாக மாறிக் காற்றில் கலக்கிறது. பகலில் பாசிகள் நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால், பிற்பகலில் வயல் நீரின் கார அமில நிலை 9-ஐத் தாண்டுவதுண்டு. இரவில் மீண்டும் இறங்கிவிடும். நடவு முடிந்து இரண்டு வாரம் வரை பயிர் நிழல் விழாத வயலில், வெயில் படும் நீரின் மேல் யூரியாவையோ கோழி எருவையோ தூவினால் இழப்பு மிகுதியாவது இதனால்தான்.

இரண்டாவது வழி நைட்ரேட் சிதைவு. நீர் நிற்கும் மண்ணின் மேற்புறத்தில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு படலத்தில் மட்டும் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே இல்லை. மேற்படலத்தில் அமோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. அந்த நைட்ரேட் கீழே இறங்கியதும், ஆக்சிஜன் கிடைக்காத நுண்ணுயிர்கள் அதைப் பயன்படுத்தி நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. வயலைக் காயவிட்டு மறுபடியும் நீர் கட்டும் ஒவ்வொரு முறையும் இதே நிகழ்வு முழு உழவு ஆழத்திலும் நடக்கிறது.

மூன்றாவது, நீரோடு அடித்துச் செல்லப்படுவதும் ஆழத்துக்குக் கசிவதும். சேற்றுழவால் தொளி நன்றாகப் படிந்த களிமண்ணில் இது குறைவு. மணற்பாங்கான நிலத்தில் பெரிது.

இந்த இழப்புகள் அனைத்தும் சேர்வதால், மேலாகத் தூவப்படும் யூரியாவில் 30 முதல் 40 விழுக்காடு வரையே நெற்பயிருக்குச் சேர்வது வழக்கம்.

அப்படியானால் அங்கக உரம் இட்டால் இழப்பே இருக்காதா?

குறையும், இல்லாமற் போகாது. அங்கக உரத்திலுள்ள தழைச்சத்து புரதங்களாகவும் அவை போன்ற சேர்மங்களாகவும் கட்டுண்டிருப்பதால், நுண்ணுயிர்கள் சிதைத்த பின்னரே அமோனியமாக வெளிவருகிறது. மெதுவாக வெளிவருவதாலும், மண்ணுக்குள் புதைந்த நிலையில் வெளிவருவதாலும் ஆவியாதல் குறைகிறது. ஆனால் வெளிவந்தபின் அந்த அமோனியத்துக்கும் யூரியாவிலிருந்து வந்த அமோனியத்துக்கும் வேறுபாடு கிடையாது. அதே வழிகளில் அதுவும் போகும்.

மெதுவாக வெளிவருவதற்கு மறுபக்கமும் உண்டு. பயிர் கதிர் உருவாக்கும் வேளையில் தேவைப்படுவது கிடைக்காமல், அறுவடைக்குப் பின் தரிசு மண்ணில் வெளிவந்தால் அதனால் அப்பயிருக்கு என்ன பயன்? பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரே வயலில் ஆண்டுதோறும் தொடர்ந்து நெல் பயிரிட்டு நடத்திவரும் நீண்டகாலச் சோதனை இதற்குப் பாடமாக அமைந்தது. 1960-களில் தொடங்கிய அச்சோதனையில், மண்ணின் கரிமப் பொருளும் மொத்தத் தழைச்சத்தும் குறையாத நிலையிலேயே, மண் பயிருக்கு விடுவிக்கும் தழைச்சத்து குறைந்து விளைச்சல் சரிந்த காலம் ஒன்று இருந்தது. எப்போதும் ஈரமாகவே இருந்த மண்ணில் கரிமப் பொருள் எளிதில் சிதையாத வடிவமாக மாறியதே காரணம் என ஆய்வாளர்கள் விளக்கினர். மண்ணில் இருப்பு இருந்தும் பயிருக்குக் கிடைக்காத நிலை அது. மண் பரிசோதனை அறிக்கையில் கரிமக் கார்பன் உயர்வாக இருப்பதை மட்டும் பார்த்து மேலுரத்தை (பயிர் வளரும்போது இடும் உரம்) கைவிடுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எந்த எருவில் எவ்வளவு தழைச்சத்து உள்ளது?

ஒரே பெயருள்ள எருக்களிடையே கூட மூலப்பொருளையும் ஈரத்தையும் பொறுத்து பெரிய வேறுபாடு இருக்கும். பொதுவாக, ஈரமுள்ள தொழு உரத்தில் ஏறக்குறைய 0.5 விழுக்காடும், மண்புழு உரத்தில் 1 முதல் 2 விழுக்காடும், உலர்ந்த கோழி எருவில் 2 முதல் 3 விழுக்காடும், வேப்பம் புண்ணாக்கில் 5 விழுக்காட்டை ஒட்டியும், கடலைப் புண்ணாக்கில் 7 விழுக்காட்டை ஒட்டியும் தழைச்சத்து இருக்கும். தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்கள் உலர் எடையில் 2.5 முதல் 3.5 விழுக்காடு வரை கொண்டவை. ஆனால் பச்சையாக அறுக்கும்போது அவற்றின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. நெல் வைக்கோலில் 0.5 முதல் 0.8 விழுக்காடு வரை உண்டு.

கார்பன் – நைட்ரஜன் விகிதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

எருவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தம் உடலைக் கட்டத் தழைச்சத்து தேவை. எருவில் கார்பன் மிகுந்து தழைச்சத்து குறைந்திருந்தால், அவை மண்ணிலிருக்கும் அமோனியத்தை எடுத்துக்கொள்கின்றன, பயிர் மஞ்சளாகிறது. விகிதம் 20-க்குக் கீழே இருந்தால் தழைச்சத்து விரைவில் வெளிவரும் என்றும், 30-க்கு மேல் இருந்தால் முதலில் முடங்கும் என்றும் கூறுவது பொது விதி. புண்ணாக்குகளும் கோழி எருவும் 10-ஐ ஒட்டியும், இளம் பசுந்தாள் 15 முதல் 20 வரையிலும், நன்கு மக்கிய தொழு உரம் 20-ஐ ஒட்டியும், வைக்கோல் 60-க்கு மேலும் இருக்கும்.

இவ்விதி மேட்டுநிலப் பயிர்களை வைத்து வகுக்கப்பட்டது. நீர் நிற்கும் மண்ணில் ஆக்சிஜன் இன்றி வாழும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகுவதால் அவற்றின் தழைச்சத்துத் தேவையும் குறைவு. ஆகவே ஒரே பொருள் மேட்டு நிலத்தில் முடக்கும் அளவுக்கு நெல் வயலில் முடக்குவதில்லை. விகிதம் ஒரே அளவில் இருந்தாலும் நார்த்தன்மை மிகுந்த முற்றிய தண்டு, இளம் இலையைவிடத் தாமதமாகவே சிதையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நடவுக்கு எத்தனை நாள் முன்பு இட வேண்டும்?

நன்கு மக்கிய தொழு உரத்தைக் கடைசிச் சேற்றுழவுக்கு முன் பரப்பி அன்றே மடக்கி உழுதுவிடலாம். பரப்பிவிட்டு வாரக்கணக்கில் வெயிலில் காயவிடுவது, உள்ள கொஞ்ச அமோனியத்தையும் காற்றுக்குக் கொடுப்பதாகும். மக்காத சாணமும் வைக்கோலும் 3 முதல் 4 வாரம் முன்பே மண்ணுக்குள் செல்ல வேண்டும்.

இளம் பசுந்தாளுக்கு நீண்ட இடைவெளி தேவையில்லை. வெப்பமான சூழலில் மடக்கிய பசுந்தாளிலிருந்து அமோனியம் முதல் வாரத்திலேயே வெளிவரத் தொடங்கி, 2 முதல் 3 வாரத்தில் உச்சத்தை அடைகிறது. மடக்கி ஒரு வாரத்துக்குள் நட்டுவிட்டால் அந்த உச்சம் தூர்கட்டும் பருவத்தோடு பொருந்தும். மாதக்கணக்கில் அழுகவிட்ட பிறகு நட்டால் வெளிவந்ததில் ஒரு பகுதி போய்விட்டிருக்கும். ஆனால் அளவு மிக அதிகமாக இருந்தாலோ, வடிகால் அற்ற களியாக இருந்தாலோ, அழுகலின்போது உண்டாகும் அங்கக அமிலங்கள் இளநாற்றின் வேரைத் தாக்கும். அத்தகைய நிலத்தில் 7 முதல் 10 நாள் விடுவது நல்லது. குளிர்ந்த பகுதிகளில் எல்லாக் கணக்கும் நீளும்.

பசுந்தாள் உரத்தில் எந்தப் பயிரைத் தேர்ந்தெடுப்பது? எப்போது மடக்குவது?

நீர் தேங்கும் நிலத்துக்கும் உவர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டு ஏற்றது. சணப்பு விரைந்து வளரும். ஆனால் தேங்கும் நீரைத் தாங்காது. கொளுஞ்சி மெதுவாக வளர்வது. வறண்ட தரிசுக்குப் பொருந்தும். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மணிலா அகத்தி, வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சுகளை உண்டாக்குவதால் நீர் நின்றாலும் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேகரிக்கிறது. ஆயினும் பகற்பொழுது குறுகிய காலத்தில் விரைவில் பூத்துவிடுவதால் அப்போது தழை குறையும்.

விதைத்த 45 முதல் 50 நாளில், பூக்கத் தொடங்கும் தருணத்தில் மடக்குவதே பொதுவாக உகந்தது. இன்னும் பத்து நாள் விட்டால் தழை கூடுமே என்று நினைப்பது இயல்பு. கூடுவது பெரும்பாலும் தண்டின் நார் என்பதால் சிதைவு தாமதமாகிறது. தண்டை வளைத்தால் ‘சட்’டென்று ஒடிய வேண்டும், வளைந்து நார் உரிந்தால் பருவம் கடந்துவிட்டது.

பசுந்தாளின் மற்றொரு பயன் போதிய அளவு பேசப்படுவதில்லை. தரிசாகக் கிடக்கும் மண்ணில் ஆக்சிஜன் இருப்பதால் நைட்ரேட் சேர்கிறது. நெல்லுக்கு நீர் கட்டியதும் அது பெரும்பாலும் வாயுவாகிவிடுகிறது. தரிசுக் காலத்தில் வளரும் பசுந்தாள் அந்த நைட்ரேட்டை உறிஞ்சித் தன் உடலில் வைத்துக்கொண்டு, மடக்கிய பின் நெல்லுக்குத் திருப்பித் தருகிறது. காற்றிலிருந்து சேர்ப்பதோடு மண்ணிலிருந்து போகவிருந்ததைக் காப்பதும் அதன் வேலை.

பசுந்தாளில் எவ்வளவு தழைச்சத்து சேர்ந்தது என்பதை எப்படி மதிப்பிடுவது?

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வயலில் நான்கைந்து இடங்களில் வைத்து, உள்ளிருக்கும் செடிகளைத் தரையோடு அறுத்து எடை போட வேண்டும். சராசரி 1.5 கிலோ என்றால் எக்டருக்கு 15 டன் பச்சைத்தழை. அதில் ஒரு கிலோவைப் பொடியாக நறுக்கி, எடை மேலும் குறையாத வரை காயவைத்தால் ஏறக்குறைய 200 கிராம் நிற்கும்; அப்படியெனில் உலர் எடை 3 டன். அதில் 2.5 விழுக்காடு என்று கொண்டால் 75 கிலோ தழைச்சத்து. அரை நாள் வேலை இது. இதைச் செய்யாமல் அடியுரத்தை (நடவின்போது இடும் உரம்) தீர்மானிப்பது வீண் செலவுக்கோ விளைச்சல் இழப்புக்கோ இட்டுச்செல்லும்.

மொத்தத் தேவையை எப்படிக் கணக்கிடுவது? ஓர் உதாரணம் தர முடியுமா?

ஒரு டன் நெல்லை விளைவிக்கப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை எடுக்கிறது. இங்கே 16 கிலோ என்று கொள்வோம். இலக்கு 5.5 டன் என்றால் பயிருக்குள் செல்ல வேண்டியது 88 கிலோ. தழைச்சத்து இடாத பாத்தி 3.5 டன் என்ற விகிதத்தில் விளைந்திருந்தால் மண் தருவது 56 கிலோ. பற்றாக்குறை 32 கிலோ. நினைவில் கொள்க: இது பயிருக்குள் செல்ல வேண்டிய அளவு, வயலில் இட வேண்டிய அளவு இதைவிடப் பெரிது.

யூரியாவால் மட்டும் நிரப்பினால், 40 விழுக்காடு சேரும் என்ற கணக்கில் 80 கிலோ தழைச்சத்து, அதாவது 174 கிலோ யூரியா வேண்டும். தொழு உரத்தால் மட்டும் நிரப்ப முயன்றால் நிலைமை வேறு. ஒரு டன்னில் 5 கிலோ தழைச்சத்து. அதில் முதல் பருவப் பயிருக்குச் சேர்வது 15 முதல் 20 விழுக்காடு, அதாவது ஒரு கிலோவுக்கு மிகாது. 32 கிலோவுக்கு 32 டன்னுக்குக் குறையாமல் தேவைப்படும். அவ்வளவு எருவைத் திரட்டுவது பெரும்பாலோருக்கு இயலாது. திரட்டி இட்டாலும் மணிச்சத்து அளவுக்கு மீறிச் சேரும்.

கலந்து இடும்போது கணக்கு எளிதாகிறது. 10 டன் தொழு உரம் பயிருக்கு 8 முதல் 10 கிலோ தரும். முன்பு அளந்த 75 கிலோ தழைச்சத்துள்ள பசுந்தாளில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தால் 25 கிலோ. இரண்டும் சேர்ந்து பற்றாக்குறையை நிரப்பிவிடுகின்றன. பசுந்தாள் பாதியளவே வளர்ந்திருந்தால் 12 கிலோ அளவுக்குக் குறைவு விழும். அதை 30 கிலோ தழைச்சத்துள்ள மேலுரத்தால் ஈடுசெய்யலாம். இந்த விழுக்காடுகள் மண்ணுக்கு மண் மாறுபவை. ஆனால் ஓரிரு பருவங்கள் பாத்திச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவரவர் வயலுக்குரிய எண் கைவசப்படும்.

அங்கக உரத்தோடு யூரியாவைச் சேர்த்து இடலாமா?

சான்றிதழ் பெற்ற அங்கக வேளாண்மையில் இடமில்லை. மற்றவர்களுக்கு, எம் கருத்தில், பயன்திறன் மிக உயரக்கூடிய வழி இதுவே. அடித்தளத்தை அங்கக உரமும், பயிர் விரைந்து எடுக்கும் பருவங்களை மேலுரமும் கவனித்துக்கொள்ளும். இதில் அடிக்கடி நேரும் தவறு, பசுந்தாள் மடக்கிய வயலிலும் வழக்கமான அடியுர யூரியாவை அப்படியே இடுவது. நட்ட முதல் இரு வாரங்களில் நாற்று எடுப்பது மிகக் குறைவு. பசுந்தாள் தரும் அமோனியமே அப்போது போதும். அடியுர யூரியாவைத் தவிர்த்து, தூர்கட்டும் பருவத்துக்கும் கதிர் உருவாகும் பருவத்துக்கும் பகிர்ந்தால் மொத்த அளவும் குறையும்.

வைக்கோலோ மக்காத எருவோ நடவை ஒட்டி இட நேர்ந்த வயல் மட்டும் விதிவிலக்கு. அங்கே சிறிது அடியுரம் பயிரை முடக்கத்திலிருந்து காக்கும்.

முழுக்க அங்கக முறையில் மேலுரத்துக்கு என்ன செய்வது?

கார்பன் விகிதம் குறைந்த, விரைந்து சிதையும் எருக்களை நாடவேண்டும். பொடித்த புண்ணாக்கும் நன்கு பதப்படுத்திய கோழி எருவும் இதற்கு ஏற்றவை. யூரியா இட்ட ஓரிரு நாளில் பயிருக்குக் கிடைப்பது போல இவை கிடைப்பதில்லை என்பதால், தேவைப்படும் நாளுக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்பே இட வேண்டும். கதிர் உருவாகத் தொடங்குவது அறுவடைக்கு ஏறக்குறைய 60 முதல் 65 நாள் முன்பு. அந்நாளைக் கணக்கிட்டு அதற்கு முன் இட்டால்தான் பயன். பூத்த பின் இடும் எருவால் தானிய எண்ணிக்கை கூடாது. நீரை மெல்லிய படலமாக வடித்துவிட்டு, தூவி, களையெடுக்கும் கருவியால் மண்ணில் கலக்கி, பிறகு நீர் கட்ட வேண்டும். நிற்கும் நீரின் மேல் தூவப்பட்ட கோழி எரு பிற்பகலில் மூக்கைத் துளைக்கும். அந்த வாடையே போய்க்கொண்டிருக்கும் தழைச்சத்து.

புளிக்கவைத்த சாணக் கரைசல்களால் தழைச்சத்துத் தேவை நிறைவேறுமா?

நிறைவேறாது. ஆயிரத்தில் ஒரு பங்கு தழைச்சத்துள்ள கரைசல் 500 லிட்டர் ஊற்றினால் வயலுக்குச் செல்வது அரைக் கிலோ. வேறு நன்மைகளுக்காக அவற்றைப் பயன்படுத்துவோர் பயன்படுத்தலாம். தழைச்சத்துக் கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

அசோலா எந்த அளவுக்கு உதவும்?

அசோலாவின் இலைக்குழிகளில் வாழும் அனபீனா என்னும் நீலப்பச்சைப்பாசி காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. ஏற்ற சூழலில் 3 முதல் 5 நாளில் இருமடங்காகும். வயல் முழுதும் ஒரு முறை மூடினால் 20 முதல் 40 கிலோ வரை தழைச்சத்து அதில் இருக்கும். மிதந்துகொண்டிருக்கும் வரை அது பெரும்பாலும் அசோலாவினுடையதே. மண்ணில் மிதித்து மடக்கிய பிறகே நெல்லுக்குக் கிடைக்கத் தொடங்கும். மணிச்சத்து குறைந்த நீரில் அசோலா சிவந்து சுருங்கும். கடும் வெப்பத்திலும் வளர்ச்சி தடைப்படும்.

நீர்ப்பரப்பை மூடிக் கிடக்கும் அசோலா, பாசி வளர்ச்சியைத் தடுத்து, பிற்பகலில் நீரின் காரத்தன்மை உயர்வதையும் கட்டுப்படுத்துகிறது. யூரியா இடும் வயலில் ஆவி இழப்பைக் குறைப்பதற்கே இதை ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம்.

வைக்கோலை வயலிலேயே மடக்குவது நல்லதா?

5 டன் வைக்கோலில் ஏறக்குறைய 30 கிலோ தழைச்சத்தும் அதைவிட இருமடங்குக்கு மேல் பொட்டாசியமும் உள்ளன. எரித்தால் தழைச்சத்து அநேகமாக முழுதும் போய்விடும். மடக்குவதாயின் அறுவடை முடிந்ததும், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, நீர் கட்டாமல் உழுதுவிட வேண்டும். காற்றோட்டமுள்ள மண்ணில் சில வாரங்கள் சிதைந்தபின் நீர் கட்டினால், முடக்கும் காலம் நடவுக்கு முன்பே கழிந்துவிடும். மீத்தேன் வாயு வெளியேற்றமும் குறையும். நீர் கட்டிய வயலில் நடவுக்குச் சற்று முன் புது வைக்கோலைச் சேற்றில் அமிழ்த்துவதே எல்லாவற்றிலும் மோசமான வழி. அடுத்த பயிருக்கு இடைவெளி இல்லாத இடங்களில் வைக்கோலை வெளியே எடுத்துச் சாணத்தோடு மக்கவைத்துத் திருப்பி இடுவதே நல்லது.

தொழு உரத்தைச் சேமிக்கும்போது இழப்பைத் தடுப்பது எப்படி?

கால்நடை வெளியேற்றும் தழைச்சத்தில் பாதியை ஒட்டிய பகுதி சிறுநீரில் உள்ளது. மண் தரையில் ஊறவிட்டால் அது குவியலுக்கே வந்து சேர்வதில்லை. தொழுவத்தில் வைக்கோல் அல்லது மரத்தூளைப் பரப்பி உறிஞ்சவைத்து, அதையும் குவியலில் சேர்க்க வேண்டும். குவியல் நிழலில், மேடான இடத்தில் இருக்க வேண்டும். மேலே மண்ணோ ஓலையோ மூடியிருக்க வேண்டும்.

ஈரம் சரியா என்பதைக் கையால் அறியலாம். ஒரு பிடி எருவை இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும். சொட்டுச் சொட்டாக வடியக் கூடாது. குவியலைக் கிளறும்போது கண் எரியும் அளவுக்கு நெடி வந்தால் கார்பன் போதவில்லை என்று பொருள். காய்ந்த இலை, வைக்கோல், உமி ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்கலாம். திறந்த வெளியில் மழையும் வெயிலும் பட்டுக் கிடக்கும் குவியல், மக்கி முடியும்போது தொடக்கத்தில் இருந்த தழைச்சத்தில் பாதியையும் இழந்துவிடக்கூடும்.

இலை வண்ண அட்டையை அங்கக வயலிலும் பயன்படுத்தலாமா?

தாராளமாக. இலை நிறத்தோடு ஒப்பிட எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகள் கொண்ட, ஜப்பானில் தோன்றிய இக்கருவியைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990-களில் எளிமைப்படுத்திப் பரப்பியது. நட்ட 14-ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், ஒரே நேரத்தில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, முழுதும் விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலைகளில் ஆறு அல்லது அதற்கு மேல் வரம்பெண்ணுக்குக் கீழே இருந்தால் மேலுரம் தேவை. நடவு செய்யும் பெரும்பாலான இரகங்களுக்கு வரம்பெண் 4; இயல்பிலேயே வெளிர் இலையுள்ள வாசனை இரகங்களுக்கும் நேரடி விதைப்புக்கும் 3. மேலுரமாகப் புண்ணாக்கு இடுவோர், நிறம் வரம்பைத் தொடும் வரை காத்திராமல், இறங்கும் போக்குத் தெரிந்ததுமே இட வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் தழைச்சத்து வீணாகாதா?

மண் காயும்போது நைட்ரேட் உருவாகி, நீர் கட்டியதும் இழக்கப்படும் வாய்ப்பு உண்மையே. துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சும் முறையில், வேர்ப்பகுதி முழுதும் காய்வதில்லை என்பதால் இழப்பு மட்டுப்படும். அதற்கு மேல் வெடிப்பு விடும்வரை காயவிடுவதே கேடு. இம்முறையில் மேலுரத்தை நீர் வற்றிய நிலையில் இட்டு உடனே பாய்ச்சினால், நீரோடு உரமும் மண்ணுக்குள் இறங்கும். பூக்கும் காலத்தில் நீர் குறையக் கூடாது.

அங்கக உரம் அதிகமானால் தீமை உண்டா?

உண்டு. மிகுந்த தழைச்சத்து எந்த வழியில் வந்தாலும் பயிர் சாயும். குலை நோய், பாக்டீரியா இலைக்கருகல், புகையான், இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றுக்கு இடம் கொடுக்கும். அங்கக உரத்தில் இது பெரும்பாலும் பிற்பருவத்தில் வெளிப்படும். கதிர் பழுக்க வேண்டிய நேரத்தில் இலை கரும்பச்சையாகவே நின்றால் தாமதமாக வெளிவந்த தழைச்சத்தே காரணம்.

வடிகால் இல்லாத வயலில் மக்காத பொருள் மிகுந்தால், நடக்கும்போது காலடியில் குமிழிகள் எழும். அழுகிய முட்டை வாடை வரும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும். நீரை வடித்து மூன்று நான்கு நாள் காற்றுப் படவிட்டால் புது வெண்வேர் தோன்றும். சுண்ணாம்புத்தன்மை உள்ள மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறையும் தலைகாட்டலாம்: நட்ட 2 முதல் 4 வாரத்தில் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாகும். அதைத் தழைச்சத்துக் குறை என்று எண்ணி மேலும் எரு இடுவோர் உண்டு. அது நிலைமையை இன்னும் கெடுக்கும்.

ஆண்டுதோறும் ஒரே அளவு எருவை இட்டுக்கொண்டே போகலாமா?

முதல் பருவத்தில் பயிருக்குச் சேராத தழைச்சத்தில் ஒரு பகுதி மண்ணின் கரிமப் பொருளோடு இணைந்து, பின்வரும் ஆண்டுகளில் சிறிது சிறிதாக வெளிவருகிறது. தொடர்ந்து இடும்போது முந்தைய ஆண்டுகளின் எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதால், மண் தரும் பங்கு உயரக்கூடும். அது உயர்ந்ததா என்பதைத் தழைச்சத்து இடாத பாத்தியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் அமைத்துப் பார்த்தே அறிய வேண்டும். பாத்தியின் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், இல்லையேல் எரு காணாத அந்த மூலை மற்ற வயலைப் பிரதிபலிக்காது. 3.5 டன் தந்த பாத்தி 4 டன் தரத் தொடங்கினால், முன் சொன்ன கணக்கின்படி மண்ணின் பங்கு 8 கிலோ கூடியிருக்கிறது. அந்த அளவுக்கு முதலில் மேலுரத்தைக் குறைக்கலாம். எருவைக் குறைப்பதை மணிச்சத்து அளவைப் பரிசோதித்த பின் முடிவு செய்யலாம்.